சுடவில்லை என்றார்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் மலாக்காவில் நியாலாஸ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். என் கணவர் பழக்குலை ஏற்றும் லாரி ஓட்டினார். நான் ஆயாக்கொட்டகையில், வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேன். எனக்கு அப்போதே வாய் கொஞ்சம் நீளம். அவர் நேரெதிர், கேட்டால்தான் பேசுவார்.

அந்த வருடம் அவருக்குத் தாகம் வந்தது. எவ்வளவு குடித்தாலும் அடங்கவில்லை. லாரியில் எடுத்துப்போகும் இரண்டு பெரிய போத்தல் தண்ணீரும் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். ஆலைக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று இடத்தில் வண்டியை நிறுத்தி மரத்தடிக்குப் போவாராம். கூட வேலை செய்தவர்கள் கேலி செய்தார்கள். சாப்பாடு குறையவில்லை, ஆனால் ஆள் இளைத்துக்கொண்டே போனார். அவருடைய காற்சட்டை இடுப்பை நானே இரண்டு தடவை பிடித்துத் தைத்தேன். உடம்பு சூடு என்று முடிவு கட்டி, தினமும் ஒரு ஜக் சிராப் சர்பத் கரைத்துக் கொடுத்தேன். அவருக்குப் பிடிக்குமே என்று இனிப்பைத் தூக்கலாகப் போட்டேன்.

மளிகைக் கடை பாய்தான் முதலில் கவனித்தவர். ஒருநாள் இவர் கடை வாசலில் நின்று மடமடவென்று தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிச்சி. இனிப்புநீரா இருக்கும், அதான் சக்கர வியாதி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி ரத்தத்த செக் பண்ணிப் பாரு லா.”

எனக்குச் சுருக்கென்று வந்தது. உழைக்கிற மனுஷன் மேல் கண் வைக்கிறாரே என்று, வீட்டுக்கு வந்ததும் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன். அதோடு நிற்காமல், அவர் உடம்பு தேற இந்தத் திருவிழாவில் தீ மிதிப்பார் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். வேண்டியது நான், மிதிக்க வேண்டியவர் அவர்.

லாரிக்கு லீவு போட்டுக் காப்புக் கட்டிக்கொண்டார். மூன்றாம் நாள் என்னிடம் வந்து, “பாய் சொன்ன மாதிரி ஒரு தடவ போயி பாத்துட்டு வந்துருவமா? காலு மரத்த மாதிரியே இருக்கு” என்றார். அந்த மனுஷன் தானாக வாய் திறந்து என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். காப்புக் கட்டினவர் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் வழக்கம். சாமி காரியம் முதலில் முடியட்டும் என்று அடக்கிவிட்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

தீமிதி அன்று மற்றவர்கள் பூக்குழியில் ஓடினார்கள். இவர் நிதானமாக நடந்தார். நெருப்பைத் தாண்டி, பால் ஊற்றி வைத்திருந்த பால்குழியில் கால் வைத்ததும் நான் ஓடிப்போய், சுட்டதா என்று கேட்டேன். “சுடவே இல்ல” என்றார், ஏதோ யோசனையாக. அதை நான் தோட்டம் முழுக்கச் சொன்னேன். பெண்கள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பெருமையாக நின்றதே இல்லை.

காப்பு அவிழ்த்துப் பத்து நாள் இருக்கும். வேலை முடிந்து வந்து அவர் சப்பாத்தைக் கழற்றியபோது ஒரு வாடை அடித்தது. உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தேன். கொப்புளம் உடைந்து, புண் கறுத்து உள்ளே இறங்கியிருந்தது. அந்தக் காலால்தான் இத்தனை நாளும் பிரேக்கை மிதித்திருக்கிறார். வலிக்கவில்லையா என்று கத்தினேன். இல்லை என்று தலையாட்டினார்.

மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர், எத்தனை நாளாகத் தாகம், எப்போதிருந்து உடம்பு இளைத்தது, கால் எப்போது மரத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. சர்க்கரை பல வருடமாகவே கூடியிருக்கிறது, கால் நரம்பு செத்துப்போனதால்தான் நெருப்பு சுடவில்லை என்று அவர் மலாயில் சொன்னபோது எனக்குக் கூசிப்போனது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பாய் பார்க்க வந்தார். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை.

அதன்பிறகு நான்கு வருடம் இருந்தார். ஒருநாள்கூட என்னைக் குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

இப்போது புக்கிட் பெருவாங்கில் மகளோடு இருக்கிறேன். தீமிதிக்கு மட்டும் வருடா வருடம் தோட்டத்துக்குப் போய்விடுவேன். பால்குழி ஓரமாக நின்று, இறங்கி வருகிற ஒவ்வொருவரிடமும் சுட்டதா என்று கேட்பேன். சுடவில்லை என்று சொன்னவரை விடுவதில்லை. காப்பாவது ஒன்றாவது, மறுநாள் காலையிலேயே ரத்தம் எடுக்க இழுத்துக்கொண்டு போய்விடுவேன். யாராவது முகத்தைச் சுளித்துக்கொண்டு, “சுட்டுச்சு அத்தை” என்று சொன்னால், இந்தப் பிள்ளையை அம்மன் காப்பாற்றிவிட்டாள் என்று அழுதுகொண்டே கும்பிட்டுக்கொள்கிறேன்.