முப்பது நொடி ஞாபகம்

என் அண்ணி குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருக்கு நெட்வொர்க் வேலை. நானோ ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஸ்பேனரால் தட்டிப் பார்க்க முடியாத எதையும் நம்பமாட்டேன். "காத்துல கயிறு திரிக்கிறீங்க அண்ணி" என்று கிண்டலடிப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வாய் அடங்கியது.

ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்குள்ள ரத்த ஃப்ரிட்ஜை நாங்கள் இருவரும்தான் கவனித்துக்கொண்டோம். அதில் பொருத்திய பெட்டி நிமிடத்துக்கு ஒரு முறை உள்ளே இருக்கும் குளிரின் அளவை எங்கள் ஆபீஸ் சர்வருக்கு அனுப்பும். மோட்டார் நின்றுபோனால் இங்கிருந்தே பட்டனை அழுத்தி மாற்று மோட்டாரை ஓட்டலாம்.

அன்று மோட்டார் நின்றது. உள்ளே இருபத்தேழு ரத்தப் பைகள். மறுநாள் காலை ஒரு பிரசவ ஆபரேஷன். அறைச் சாவி வைத்திருந்த நர்ஸ் வந்து சேர இரண்டு மணி நேரமாகும். திரையில் ஐந்து புள்ளி ஒன்று டிகிரி, ஐந்து புள்ளி மூன்று. ஆறு டிகிரியைத் தாண்டினால் ரத்தம் வீண்.

பட்டனை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மோட்டார் கருகிவிடக் கூடாதென்று, ஒரு முறை அழுத்தினால் இரண்டு நிமிடம் பட்டன் பூட்டிக்கொள்ளும்படி நானே வைத்திருந்தேன். பூட்டு திறந்ததும் மறுபடி அழுத்தினேன். ம்ஹூம்.

"அங்கேருந்து வருது, இங்கேருந்து போகலையே! சேர்ந்துச்சா இல்லையான்னாவது சொல்லக் கூடாதா?"

"நாம செய்தி அனுப்புற யுடிபி முறை அப்படித்தான் தம்பி. அனுப்பிட்டு மறந்துடும்" என்றவர் கடிகாரத்தைப் பார்த்தார். "குளிர் அளவு வந்து நாப்பது செகண்ட் கழிச்சு அழுத்துற. ரெண்டு தடவையும்."

"அதனால?"

"அந்த ஆஸ்பத்திரி ரூட்டர் வெளியாளை உள்ள விடாது. உள்ளேருந்து நம்ம பெட்டி மாதிரி யாராவது பேசினா, அவங்களுக்கு வர்ற பதிலை மட்டும் விடும். கொஞ்ச நேரத்துல பேசினதையே மறந்துடும். நம்ம வீட்டு ரூட்டர் மூணு நிமிஷம் ஞாபகம் வச்சிருந்துச்சு. இது முப்பது செகண்டுதான் போல. வீட்டுல மட்டும் சோதிச்சுப் பார்த்தது என் தப்பு."

பட்டனின் பூட்டு திறந்தது. விரல் துறுதுறுத்தது. "இரு, அடுத்த அளவு வரட்டும்" என்று அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். இருபது நொடி, ஒரு யுகம். திரையில் ஐந்து புள்ளி எட்டு வந்து விழுந்தது.

"இப்ப!" அழுத்தினேன்.

அடுத்து வந்த அளவும் ஐந்து புள்ளி எட்டுதான். அதன் கீழே "மாற்று மோட்டார் ஓடுகிறது" என்று இருந்தது. பிறகு ஐந்து புள்ளி ஏழு. ஆற்றைத் தாண்டி, பூட்டிய அறைக்குள், கண்ணுக்குத் தெரியாத ஒரு சொல் நுழைந்து என் மோட்டாரைச் சுழற்றியிருக்கிறது! எனக்குப் புல்லரித்துவிட்டது.

ரூட்டரின் கதவு மூடாதிருக்க, பெட்டி இருபது நொடிக்கொரு முறை பேசும்படி அண்ணி அன்றே மாற்றினார்.

மறுநாள் நர்ஸ் போன் செய்தார். "நாலு பை ஏத்தினோம்மா. தாய் கண்ணு முழிச்சுட்டாங்க."

அண்ணி போனை வைத்தார். அவர் வாய்விட்டு அழுது நான் கேட்டது அன்றுதான்.