காதோரம் பிடித்திருந்த போன்

சென்ற ஆவணியில் களியக்காவிளையில் ஒரு கல்யாணத்துக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. பெண்ணின் அண்ணன் கத்தாரில் இருந்தார். லீவு கிடைக்கவில்லை. சொந்தக்காரப் பையன் ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்து அவருக்குத் தாலிகட்டைக் காட்டிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். திரையில் தெரிந்ததெல்லாம் சில முதுகுகளும் ஒரு மின்விசிறியும்தான். "கெட்டியாச்சா? ஏலே, கெட்டியாச்சா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மேளச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

எனக்குக் கை பரபரத்தது. இவர்களுக்கென்றே ஒழுங்காக ஒரு நேரலை கொடுத்தால் என்ன? எங்கள் பக்கம் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் வெளிநாட்டில்தான் இருக்கிறார். எஞ்சினியரிங் படித்துவிட்டு ஓரிடத்தில் உட்காரப் பிடிக்காமல் கேமராவைத் தூக்கியவன் நான். இரண்டு சிம் போடும் கருவி, பெரிய பேட்டரி, நீளமான வயர் எல்லாம் வாங்கிவிட்டேன். கல்யாணம், புதுவீட்டுப் பால்காய்ப்பு என்று ஓடினேன். சிக்னல் நிற்க வேண்டும், சார்ஜ் தீரக் கூடாது. எனக்கிருந்த கவலை அவ்வளவுதான்.

தை மாதம் ஒரு காலையில் சவுதியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "மக்கா, நீதானே லைவ் போடுதது? எனக்க அப்பா போயிட்டாரு. இன்னைக்கே எடுக்கணும் எண்ணு சொல்லுதாவ. எனக்கு வர வழியில்ல. மொகத்த ஒருக்கா நல்லாக் காட்டித் தா, போதும்."

வீடு குழித்துறைக்குப் பக்கம். அன்று மாலை மார்த்தாண்டத்தில் எனக்கு ஒரு கல்யாண வரவேற்பு இருந்தது. சாவு வீட்டிலிருந்து நேராக வருகிறேன் என்று கல்யாண வீட்டார் அறிந்தால் மண்டபத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். இருந்தாலும் அந்தக் குரலிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குளித்துச் சட்டை மாற்றிக்கொள்ளலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று கிளம்பிவிட்டேன்.

ரப்பர் மரங்களுக்கு நடுவில் இறக்கத்தில் வீடு. சிக்னல் ஒரு கோடு வரும், போகும். மொட்டைமாடியில் கருவியைக் கட்டி, வயரை இறக்கி, எப்படியோ படத்தைக் கொண்டுவந்துவிட்டேன். ஐஸ் பெட்டியிலிருந்து அப்பாவை எடுத்து முற்றத்தில் கிடத்தினார்கள். மகன் தனியாக ஒரு சாதாரண அழைப்பில் என் இயர்போனில் இருந்தார். "அம்மைக்க பக்கம் திருப்பு... வேண்டாம், வேண்டாம், அப்பாட்டயே வா." மற்றபடி அவர் மூச்சு மட்டும்தான் கேட்டது. இரண்டு கையிலும் கேமரா இருந்ததால் என்னால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. வேலைக்கு வந்தவன் துடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது என்றும் இருந்தது.

வாய்க்கரிசி போடத் தொடங்கினார்கள். கூட்டம் நெருங்கியது. அதில் எத்தனை பேர் கையில் போனோ, என் படம் உறைந்து நின்றது. பிறகு அடியோடு போய்விட்டது. மாடிக்கு ஓடினேன். கருவியை அணைத்து மறுபடி போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கீழே பார்த்தால் முகத்தை மூடக் கோடித்துணியை விரித்துவிட்டார்கள்.

சாதாரண அழைப்பு மட்டும் அறாமல் இருந்தது. "அண்ணா, படம் போச்சு. மூடப் போறாவ" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "மக்கா, போனை அப்பாக்க காதுல வைப்பியா?" என்று கேட்டார்.

படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. வீடியோக்காரன் என்றால் அங்கே ஒருவன் நிற்பதே யாருக்கும் தெரியக் கூடாது. கல்யாணமானாலும் சாவானாலும் அதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். அன்றைக்கு நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், "கொஞ்சம் நில்லுங்க! மூடாதீங்க!" என்று சத்தம் போட்டேன். ஒப்பாரிகூட ஒரு கணம் நின்றுவிட்டது.

துணியைப் பிடித்திருந்த பெரியவர் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். "ஏலே, இது கல்யாண வீடு எண்ணு நெனச்சியா? போஸ் குடுக்கச் சொல்லுதியோ?"

போனைத் தூக்கிக் காட்டினேன். இறந்தவரின் மகள், அந்த அண்ணனின் தங்கை, எண்ணைப் பார்த்ததும் புரிந்துகொண்டுவிட்டாள். "மாமா, அண்ணன்... அண்ணன் பேசணுமாம். விடுங்க மாமா" என்று அவர் கையைப் பிடித்தாள். பெரியவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு விலகினார்.

இயர்போனைப் பிடுங்கிவிட்டு மண்டியிட்டேன். ஸ்பீக்கர் போடத் தோன்றவில்லை. அது ஊர் கேட்கிற பேச்சு அல்லவே. ஒரு கையால் தலையைத் தாங்கி, மறு கையால் போனைக் காதோடு வைத்தேன். அவர் சொன்னது அப்பாவுக்கு மட்டும்தான். ஆனால் அவ்வளவு பக்கத்தில் குனிந்திருந்ததால் எனக்கும் கேட்டது. அவர் அழவில்லை. திட்டிக்கொண்டிருந்தார். "மாத்திரய ஒழுங்காத் தின்னுங்க எண்ணு எத்தன மட்டம் சொன்னேன்? கேட்டியளா? எப்பவாவது கேட்டியளா அப்பா?" அதற்குப் பிறகு சொன்னதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை.

மாலையில் குளித்து, வேறு சட்டை போட்டு, மார்த்தாண்டம் மண்டபத்தில் நின்றேன். "கிட்ட நில்லுங்க அக்கா. அண்ணா, கொஞ்சம் சிரிங்க." வாய் அதுபாட்டுக்குப் பேசியது. நெஞ்சுக்குள் ஒரே வெப்ராளம். எங்கள் ஊரில் பதற்றத்துக்கு அதுதான் பேர். என் மேல் சாம்பிராணி வாசம் அடிக்கிறதோ என்று அடிக்கடி கையை முகர்ந்து பார்த்தேன். பெண்ணின் மாமா கண்டுபிடித்துவிட்டார். "என்ன தம்பி, ஊரெல்லாம் சிரிக்கச் சொல்லுதே, நீ மட்டும் தேர்வில தோத்தவன் மாதிரி நிக்கே?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கன்னம் வலித்தது.

அந்த நேரம் பார்த்து சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. சவுதி எண். எடுக்க முடியவில்லை. நின்றது, மறுபடி அதிர்ந்தது. படம் போனதற்குக் கேட்கப்போகிறாரா? அந்தப் பேச்சை நான் கேட்டுவிட்டேன் என்று தெரிந்துவிட்டதா? மணமக்கள் கேக் வெட்டினார்கள், மாலை மாற்றினார்கள். கேமரா எல்லாவற்றையும் எடுத்தது. நான் எதையும் பார்க்கவில்லை.

கூட்டம் சாப்பிடப் போனதும் கார் நிறுத்துமிடத்துக்கு வந்து கூப்பிட்டேன். ஏச்சுக்குத் தயாராக இருந்தேன்.

"மக்கா, ஒண்ணு கேட்டா சொல்லுவியா? அப்பாக்க காது தணுத்துப் போயிருந்துதா?"

எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. குளிரவில்லை என்று சொல்லிவிட்டால் அவர் நிம்மதியாகத் தூங்குவார். ஆனால் அவருக்குப் பதிலாகத் தொட்ட கை என்னுடையது. அதை வைத்துப் பொய் சொல்ல முடியவில்லை.

"ஆமாண்ணா, நல்ல தணுப்பு. நான் பிடிச்சிட்டே இருந்தேன்லா, அப்பம் கொஞ்சம் மாறிச்சு."

மறுமுனையில் அப்போதுதான் அழுகை வந்தது. நெடுநேரம் அழுதார். உள்ளே வரவேற்பில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. என் பேரைச் சொல்லி யாரோ தேடினார்கள். அழைப்பை மட்டும் நான் துண்டிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, என்னோடு போட்டோ எடுக்க வரும் நண்பனிடம் இதைச் சொன்னேன். கிண்டல் பண்ணுவான் என்று நினைத்தேன். சாவு வீட்டுப் படங்களை ஆல்பமாக்க உட்கார்ந்தால் தன்னால் அன்றைக்குச் சோறு தின்ன முடிவதில்லை என்றான். இத்தனை நாள் ஒரே பைக்கில் போய் வந்தவர்கள் நாங்கள், ஒருவருக்கொருவர் இதைப் பேசியதே இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொரு வீட்டிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. நாளை அடக்கம். மகள் துபாயில். இந்த முறை பேட்டரியைத் தொடும் முன்னால் அந்த மகளைக் கூப்பிட்டு, எதைக் காட்ட வேண்டும், எதைக் காட்ட வேண்டாம், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்கப்போகிறேன். கேட்கும்போது என் குரல் நடுங்கும், தெரியும். அந்த நடுக்கமும் இந்த வேலையில் சேர்ந்ததுதான் என்று அந்தக் காதின் குளிர்ச்சி இன்னும் என் விரலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது.