மகளின் பெயரில் நடந்தவள்

தேவிகா வேலை முடிந்து ஒஸ்லோவின் வெஸ்ட்லியில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் கையைக் கழுவுவாள், தேநீர் ஊற்றுவாள், பிறகு சமையலறை மூலையில் கிடந்த பழைய கணினியைத் திறந்து ஆடுகளுக்குத் தீனி வைப்பாள். மகள் யதுர்ஷா கைப்பந்துப் பயிற்சி முடித்து வருவதற்குள் இந்த வேலை முடிந்துவிட வேண்டும்.

ஆடுகள் கணினிக்குள் இருந்தன. இணையத்தில் இயங்கும் ஒரு கற்பனை உலகம் அது. பல நாட்டு ஆட்களும் அதற்குள் வந்து, ஆளுக்கோர் உருவம் எடுத்து, காணி பிடித்து, வீடு கட்டி, மீன் பிடித்துச் சந்தையில் விற்றுச் சீவித்தார்கள். சண்டை வேண்டியவர்கள் மலைக்கு அப்பால் போய்ச் சண்டை போட்டார்கள். தேவிகா போகிற தீவில் சண்டை கிடையாது. கொஞ்சம் ஆடுகள், ஒரு பீட்ரூட் பாத்தி, படகுத்துறை, பலகை வீடு, அவ்வளவுதான். தீவு அவளைப் பிரிந்து போன கணவர் குலேந்திரனுடையது. அங்கே அவள் சிவப்புத் தலைமயிரும் பச்சைப் போர்வையுமாக, ‘யாது’ என்ற பெயரில் நடந்தாள். யாது மகளின் உருவம். மகள் அதைக் கைவிட்டது குலேந்திரனுக்குத் தெரியாது. தேவிகா அதற்குள் புகுந்தது மகளுக்குத் தெரியாது. அம்மாவும் கடைசியில் ஏதோ விளையாடப் பழகிவிட்டாள் என்று சினேகிதிகளிடம் சொல்லிச் சிரித்ததோடு சரி, யதுர்ஷா திரையை எட்டிப் பார்த்ததில்லை.

குலேந்திரன் எண்பதுகளின் கடைசியில் நோர்வேயின் வடக்கே பாட்ஸ்பியோர்டுக்கு வந்து மீன் வெட்டும் தொழிற்சாலையில் சேர்ந்தவர். தேவிகா கல்யாணமாகி வந்து இறங்கியதும் அங்கேதான். இருவரும் ஒரே மேசையில் எதிரெதிரே நின்று மீன் வெட்டினார்கள். அவளுக்கு மணிக்கட்டு போனது. மொழி படித்தாள், பராமரிப்புப் படிப்பு முடித்தாள், ஒஸ்லோவுக்கு மாறினார்கள். நம்மவர்கள் ‘சீக்கெம்’ என்று சொல்லும் முதியோர் இல்லமொன்றில், மறதிநோய்ப் பிரிவில் அவளுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. குலேந்திரன் இங்கே எதிலும் ஒட்டவில்லை. துப்புரவு வேலை பார்த்தார், பார்சல் ஏற்றினார், பிறகு வீட்டில் பேச்சில்லாமல் இருந்தார். சத்தம் சந்தடி இல்லாமல் பிரிந்தார்கள். அவர் தனக்குத் தெரிந்த மீனிடமே திரும்பிப் போனார். யதுர்ஷாவுக்கு அப்போது பத்து வயது.

கொரோனா வந்து பயணங்கள் நின்றபோது தகப்பனும் மகளும் அந்த உலகத்துக்குள் குடியேறினார்கள். தொலைபேசியில் குலேந்திரனுக்கு வாய் வராது. “சுகமா, படிக்கிறியா” என்பதோடு ஞாயிற்றுக்கிழமை அழைப்பு முடிந்துவிடும். தீவிலோ இருவரும் சேர்ந்து வேலி அடைத்தார்கள். வேலி அடைக்கும்போது கதை தானாக வந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தட்டிக் கதைத்தார்கள். பாட்ஸ்பியோர்டில் சூரியன் எழாத வாரங்களிலும் அந்தத் தீவில் அது தவறாமல் எழுந்தது.

பதினேழு வயதில் யதுர்ஷாவுக்கு அலுத்துவிட்டது.

“அப்பா எந்த நேரமும் ஆட்டைப் பற்றித்தான் கதைக்கிறார் அம்மா. எனக்கு ஏலாது. நீங்களே சொல்லிவிடுங்கோ.”

“உன்ரை வாயாலை சொல்லன்.”

“சொன்னா முகம் சுருங்கிப்போம்.”

“கேமுக்குள்ளை ஆரின்ரை முகம் சுருங்கிறது?”

“அவரின்ரை முகம் சுருங்கும்,” என்று சொல்லிவிட்டு மகள் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

சொல்லத்தான் தேவிகா அன்று உள்ளே போனாள். படகுத்துறையில் நின்ற தகப்பனின் உருவம் ஓடி வந்தது. குலேந்திரன் தட்டினார்: “வந்திட்டியா குஞ்சு? வெள்ளை ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு. உனக்குக் காட்டத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன்.”

மறதிநோய்ப் பிரிவில் ஒரு முறை உண்டு. எப்போதோ இறந்துபோன கணவரைத் தேடி ஒரு முதியவள் கதவடியில் நின்றால், அவர் செத்துவிட்டார் என்று சொல்லக்கூடாது. சொன்னால் அது அவளுக்கு இன்று நடந்த சாவு. நாளைக்கும் கேட்பாள், நாளைக்கும் சாவு. “அவர் இன்னும் வேலை முடிஞ்சு வரவில்லை, வாருங்கள் கோப்பி குடிப்போம்” என்று கையைப் பிடித்து அழைத்துப்போக வேண்டும். நல்ல முறைதான். நூறு பேருக்கு அதனால் நிம்மதி கொடுத்தவள் தேவிகா. யோசிக்கத் தேவையில்லாத அளவுக்கு அது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

“ஓம் அப்பா. என்ன பேர் வைப்பம்?” என்று தட்டினாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள்.

குட்டிகளுக்கு உப்பு, புளி என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் சொல்லவில்லை.

அக்கரைத் தீவில் எம்மா இருந்தாள். திரையில் தாடி வைத்த பெரிய கோடரிக்காரன். உண்மையில் ஹாமார் என்ற ஊரில் தபால் வேலை செய்து ஓய்வுபெற்ற நோர்வேஜியக் கிழவி. ஜாம் காய்ச்சிப் படகில் கொண்டுவருவாள். “யாது, உனக்கு என்ன நடந்தது?” என்று ஒருநாள் கேட்டாள். “முந்தியெல்லாம் படலையைத் திறந்தபடி போட்டுவிட்டுப் போய்விடுவாய். இப்போது என் ஆடுகளையும் நீதான் அடைக்கிறாய்.”

“வளர்ந்துவிட்டேன்,” என்றாள் தேவிகா.

“பாவம்,” என்றாள் எம்மா.

குலேந்திரன் இங்கே வேறு மனிதராக இருந்தார். பகிடி விட்டார். சந்தையில் மீன் வாங்க வந்த ஒரு பெரிய வீரனிடம், வாளால் மீன் வெட்டக்கூடாது, முள் உடையும் என்று பாடம் நடத்தினார். ஒருநாள் விறகு கொத்திக்கொண்டே கேட்டார்.

“அம்மான்ரை முழங்கால் எப்பிடி?”

“அவவுக்கென்ன. ஓடித் திரியிறா.”

“நொந்தாலும் சொல்லமாட்டா. படியாலை இறங்கேக்கை பக்கத்திலை நில். பிடிக்காதை, பிடிச்சாக் கோவம் வரும். சும்மா நில், காணும்.”

தேவிகாவின் தேநீர் ஆறிப்போனது. அடுத்த நாள், பெண்சாதியாக ஒருபோதும் கேட்காததை மகளாகக் கேட்டாள். அது செய்யக்கூடாத காரியம். செய்யும்போதே அது அவளுக்குத் தெரியும்.

“ஏனப்பா எங்களை விட்டிட்டுப் போனனீங்கள்?”

அவர் இரண்டு மரம் தறித்தார். பிறகு எழுத்து வந்தது. “அங்கை எல்லாம் உங்கடை அம்மாவுக்குத் தெரியும், குஞ்சு. நான் ஒண்டைச் செய்ய வெளிக்கிட முதல் அவ செய்து முடிச்சிடுவா. எனக்கு நிண்டு பாக்கிறதுதான் வேலை. கூடாத மனிசி இல்லை. நல்ல மனிசி. அதுதான் கஷ்டம்.”

பங்குனியில் ஒருநாள் அவர் ஆட்டைப் பற்றிக் கதைக்கவில்லை.

“குஞ்சு, வயித்துக்கை ஒரு கட்டியாம். துரொம்சோ ஆசுப்பத்திரியிலை ஒப்பரேசன் செய்யப்போகினம். அம்மாவுக்குச் சொல்லாதை. அவ வேலையிலையும் வருத்தக்காரர், வீட்டையும் வருத்தக்காரர் எண்டு ஓடித் திரிவா. நீ மட்டும் போஸ்க லீவுக்கு ஒருக்கா வந்திட்டுப் போறியா?”

போஸ்க என்றால் ஈஸ்டர். நாள் அதிகம் இல்லை. மகளைப் போக வைக்க வேண்டுமானால் மகளுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். தேவிகா அன்று மாலையே சொன்னாள்.

“அப்பாக்கு ஒப்பரேசன். நீ லீவுக்கு அவரிட்டைப் போகவேணும்.”

“உங்களுக்கு ஆர் சொன்னது?”

“உனக்குத்தான் சொன்னவர்.”

யதுர்ஷா விளங்காமல் பார்த்தாள். தேவிகா சுற்றி வளைக்கவில்லை. கணினியைத் திறந்து, பச்சைப் போர்வை போர்த்திய உருவத்தைக் காட்டினாள். மகள் கதிரையில் உட்கார்ந்து, கதைத்ததையெல்லாம் மேலே மேலே உருட்டி வாசித்தாள்.

“நீங்கள் நானா இருந்தனீங்களா?”

“கொஞ்ச நாளைக்கெண்டுதான் துடங்கினனான்.”

“இதிலை ஒவ்வொரு நாளும் சாப்பிட்டீங்களோ எண்டு நான் கேட்டிருக்கிறன். எனக்கு அதைக் கேக்கவேணுமெண்டு ஒருநாளும் தோன்றேல்லை அம்மா. இப்ப அவர் என்னை நல்ல பிள்ளையெண்டு நினைச்சுக்கொண்டு நிப்பார். நான் அங்கை போய் ஆரா இறங்கிறது?”

“குட்டியளின்ரை பேர் உப்பு, புளி. வேலியின்ரை தெற்குப் பக்கம் நீ அடைச்சது. கேட்டா...”

“நான் நடிக்கமாட்டன்.”

“ஒப்பரேசன் முடியுமட்டும். பிறகு நானே சொல்லுறன்.”

“அண்டைக்கும் நீங்கள் சொல்லத்தானே போனனீங்கள்,” என்றாள் யதுர்ஷா.

மகள் போனாள். போய்ச் சேர்ந்த அன்றே அழைத்தாள்.

“சொல்லிட்டன்.”

“என்ன சொன்னவர்?”

“தேத்தண்ணி போட்டார். எப்ப துடக்கம் எண்டு கேட்டார். குட்டி போட்ட நாள் துடக்கம் எண்டன். ‘அப்ப எல்லாம் அவதானோ’ எண்டார். பிறகு எனக்கு முட்டை பொரிச்சுத் தந்தார்.”

“போனை அவரிட்டைக் குடு.”

அங்கே ஏதோ பேச்சு நடந்தது. “வேண்டாமாம். நாளைக்குப் பின்னேரம் தீவுக்கு வரச்சொல்லுறார்.”

அடுத்த நாள் பின்னேரம் அவர் படகுத்துறையில் நின்றார். தேவிகாவுக்குப் போட வேறு உருவம் இல்லை. மகளின் சிவப்புத் தலைமயிரோடுதான் போய் நின்றாள்.

“தேவிகா.”

“ஓம்.”

“இந்தக் கோலத்திலை உம்மோடை கதைக்க எனக்குக் கூச்சமாக் கிடக்கு.”

“நீங்கள் உடைஞ்சுபோவீங்கள் எண்டு நினைச்சிட்டன்.”

“உடைஞ்சிருக்கமாட்டன். கவலைப்பட்டிருப்பன். பிள்ளை வளந்திட்டாள் எண்டு கொஞ்ச நாள் மூஞ்சையைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சிருப்பன். பிறகு பிளேன் ஏறி அவளை நேரை பாக்க வந்திருப்பன். கவலைப்பட எனக்கு ஏலும், தேவிகா. நீர் அதுக்கு விடேல்லை.”

அவள் ஒரு வரி எழுதி அழித்தாள். இன்னொன்று எழுதி அழித்தாள். அவர் எழுதினார்:

“நான் உம்மடை சீக்கெம்மிலை இருக்கிற ஆள் இல்லை. எனக்கு மறதி இல்லை.”

கட்டி எந்த இடத்தில், என்ன அளவு, எந்த வைத்தியர் என்று அவள் கேட்டாள். கேட்க வேண்டியவைதான். ஆனால் அன்றைக்குக் கேட்க வேண்டியவை அல்ல.

“அதை மகளோடை கதைக்கிறன். அவள் ஒப்பரேசன் முடியுமட்டும் நிக்கிறன் எண்டிட்டாள். நீர் இந்தப் பிள்ளையை அழிச்சுவிடும்.”

அவர் பலகை வீட்டுக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது.

தேவிகா யாதுவை அழித்தாள். உண்மையாகவே அழிக்கவா என்று கணினி கேட்டது, ஓம் என்று அமத்தினாள். பிறகு புதிதாக ஓர் உருவம் செய்தாள். முகத்தை அழகுபடுத்தவில்லை. பெயர் கேட்ட இடத்தில் தேவிகா என்று தன் பெயரையே போட்டாள். புதிதாக வருபவர்களை அந்த உலகம் ஒரு வெறும் கடற்கரையில், சாம்பல் நிறச் சட்டையோடு இறக்கிவிடும். ஒருவரின் தீவுக்குப் போக அவர் அனுமதி கொடுக்க வேண்டும். அவள் குலேந்திரனுக்கு விண்ணப்பம் அனுப்பினாள். மறுமொழி வரவில்லை. ஒவ்வொரு மாலையும் வேலையால் வந்து, கை கழுவி, அந்தக் கடற்கரையில் போய் நின்றாள்.

சத்திரசிகிச்சை சரியாகவே நடந்தது. சில நாளில் இரத்தக்கட்டியொன்று நுரையீரலுக்குப் போனது. அது யாருடைய பிழையும் இல்லை. வயிற்றை வெட்டினால் சிலருக்கு நடப்பதுதான். ஒருநாள் காலையில் யதுர்ஷா கட்டிலருகில் இருக்கும்போதே குலேந்திரன் போய்விட்டார்.

உடல் ஒஸ்லோவுக்கு வந்தது. செத்தவீட்டை ரொம்மனில் இருக்கும் அவருடைய தமக்கை இராசமணி பொறுப்பெடுத்தாள். கொள்ளி வைக்கும் உரிமைக்காரர், மாலை போடும் உரிமைக்காரர் என்று எல்லோருக்கும் ஓரிடம் இருந்தது. தேவிகா மண்டபத்துச் சமையலறையில் நின்று வந்தவர்களுக்குக் கோப்பி ஊற்றினாள். “நீர் வந்ததே பெரிய விசயம்,” என்றாள் இராசமணி, நல்ல மனதோடுதான். ஸ்ரீஸ்கந்தராசா என்ற பழைய சினேகிதர் குவளையை வாங்கிக்கொண்டு, “பிரிஞ்சு கனகாலம்தானே, உமக்கு அவ்வளவு தாக்கம் இராது,” என்றார். ஓம் என்று சொல்லிச் சீனியை நீட்டினாள். ஒரு குளிர்காலம் முழுவதும் மாலைக்கு மாலை கதைத்த மனிதரைப் பறிகொடுத்தவள் என்று எந்த வாயால் சொல்வது? கதைத்தது அவள் பெயரில் இல்லையே.

எம்மாவுக்கு மட்டும் எழுதினாள். தான் யார், என்ன செய்தாள், அவர் எப்படிச் செத்தார் என்று நேராக எழுதினாள். எம்மா மூன்று நாள் கழித்து, “படலையைப் பார்த்தபோதே உனக்குப் பதினேழு வயதில்லை என்று தெரியும். அவரிடம் நானாவது சொல்லியிருக்கலாம்,” என்று எழுதினாள்.

சித்திரை முடிவில் யதுர்ஷா தகப்பனின் மடிக்கணினியைச் சமையலறை மேசையில் வைத்துத் திறந்தாள். கடவுச்சொல்லைத் துரொம்சோவில் அவரே கொடுத்திருந்தார். தீவு வந்தது. ஆடுகள் பட்டிக்குள் நின்றன. அவர் உருவம் துறையில் இருந்தது.

“அம்மா, இஞ்சை ஒரு விண்ணப்பம் கிடக்கு. உங்கடை பேரிலை.”

“தெரியும்.”

“அவர் பாத்திருக்கிறார். ஒப்பரேசனுக்கு முதல் நாள் பின்னேரம் திறந்து பாத்தவர் எண்டு காட்டுது.”

தேவிகா கிட்டப் போய்ப் பார்த்தாள். பார்த்திருந்தார். ஓம் என்றும் அமத்தவில்லை, இல்லை என்றும் அமத்தவில்லை.

யதுர்ஷா தாயின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். “நான் ஓம் எண்டு அமத்தட்டோ? உங்களுக்கு உள்ளை போகலாம். துறையிலை அவர் நிக்கிறார்.”

“வேண்டாம். அது அவர் அமத்தவேண்டியது.”

“அவர் ஓம் எண்டு சொல்லத்தான் இருந்திருப்பார் அம்மா. ஒப்பரேசன் முடிஞ்சு வந்து...”

“அது உனக்குத் தெரியாது,” என்றாள் தேவிகா. “எனக்கும் தெரியாது.”

மகள் விரலை எடுத்தாள். திரையில் தீவுக்கு இருள் வந்து, பலகை வீட்டின் விளக்கு தானாக எரிந்தது. தாயும் மகளும் அதை வெளியே நின்று பார்ப்பதைப் போலப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.