அலறல்காரியின் இருமல்

தெருவில் அவரை 'அலறல்காரி' என்பார்கள். அவருக்கும் அதில் வருத்தமில்லை. திகில் வீடியோ கேம்களில் பேய் துரத்தும்போது கேட்கும் பெண் குரல் அவருடையது. ஒத்திகை எல்லாம் குளியலறையில். கல்யாணமான புதிதில் எதிர்வீட்டுக்காரர் இரண்டு பேரைக் கூட்டிவந்து கதவைத் தட்டிவிட்டார்.

"என்ன சார், பொண்டாட்டிய இப்படியா போட்டு அடிப்பீங்க?"

"நானா? அவ உள்ள வேலை பாத்துட்டு இருக்கா சார்," என்றார் கணவர். யாரும் நம்பவில்லை. அலறல்காரி ஈரத்தலையோடு வந்து இன்னொரு முறை அலறிக் காட்டிய பிறகே கூட்டம் கலைந்தது.

திகில் கேம்களின் தொடக்க காலத்தில் பேய் என்பது வெறும் எழுத்து. 'பின்னால் ஏதோ நகர்கிறது' என்று திரையில் ஒரு வரி வரும். மிச்சத்தை கேம் ஆடுபவரின் மனது பார்த்துக்கொள்ளும். பிறகு கட்டம் கட்டமாகப் படம் வந்தது, பீப் சத்தம் வந்தது. மனிதக் குரல் வந்தபோதுதான் இவரும் வந்தார். அன்றைய கேம் கருவியில் குரலைச் சேமிக்க இடம் குறைவு. இவருடைய ஓர் அலறலைப் பதிவு செய்து, அதையே வேகம் குறைத்துப் பேயின் உறுமலாகவும் போட்டார்கள்.

"ஓடினதும் நான்தான், துரத்தினதும் நான்தான். ரெண்டு பேரையும் கட்டிக்கிட்டது எங்க வீட்டுக்காரர்," என்பார்.

அப்புறம் ஆடுபவர் கையில் துப்பாக்கி வந்தது. பேயைச் சுடலாம் என்றானதும் பாதி பயம் போனது. ஆகவே கேம் தயாரிப்பவர்கள் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டார்கள். இனி ஒளியத்தான் முடியும்.

அப்படி ஒரு கேமின் நாயகி வேடம் கைக்கு வந்த நேரத்தில் இவர் தொண்டை புண்ணாகிவிட்டது. "கொஞ்ச நாளைக்குக் கத்தவே கூடாதும்மா, மீறினா குரலே போயிடும்," என்றார் மருத்துவர். அலறாத அலறல்காரியை யார் வைத்துக்கொள்வார்கள்? ஆனாலும் மறைக்காமல் இயக்குநரிடம் சொல்லிவிட்டார்.

"இதுல அலறலே இல்லக்கா. பொண்ணு கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சு கிடக்கா. மூச்சு போதும்."

அந்த மூச்சுதான் வரவில்லை.

"தூங்குற மாதிரி இருக்குக்கா," என்றார் ஒலிப்பதிவாளர். அடுத்த முறை, "மாடிப்படி ஏறி வந்த மாதிரி இருக்கு."

வேறு ஆளைத் தேடிவிடுவார்களோ என்ற பதற்றத்தில் மறுபடி முயன்றபோது தொண்டை அரித்தது. மைக் முன்னால் இருமக் கூடாது. வாயைப் பொத்தி, கண்ணில் நீர் முட்ட அடக்கினார். விக்கல் போல ஒரு துளி சத்தம் மட்டும் தப்பியது.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவரை இயக்குநர் கையமர்த்தினார். "இதுதான்க்கா வேணும்!" அடக்கிய அந்த இருமலே விளையாட்டின் விதியானது. பேய் நெருங்கினால் பெண்ணுக்கு இருமல் முட்டும். ஆடுபவர் பொத்தானை அமுக்கிப் பிடித்து அதை அடக்க வேண்டும். விரல் நழுவினால் மாட்டிக்கொள்வார்.

ஆனால் பதிவு பாதியில் இருக்கும்போதே தொண்டை குணமாகிவிட்டது. "ரொம்ப சந்தோஷம்க்கா," என்ற இயக்குநருக்கு முகம் தொங்கிப்போயிருந்தது. இருமுவது போல யாரும் நடிக்கலாம். வராத இருமலை அடக்குவது போல நடிப்பது எப்படி?

அலறல்காரி விலாவில் கை வைத்து, அன்று எங்கே இழுத்தது, எங்கே அடைத்தது என்று உடம்பையே கேட்டுப் பார்த்தார். பிறகு மைக் முன் நின்றார். காட்சி முடிவதற்குள் ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு உள்ளே ஓடிவந்தார்.

"என்னக்கா, மறுபடியும் வந்துடுச்சா?"

"எது?" என்றார் அவர், கணீரென்ற குரலில். "போய் உக்காரு தம்பி. நல்லா வந்துட்டு இருந்தத நீதான் கெடுத்த."