முதல் பந்தியில் ஓர் அமெரிக்கர்

தி.நகரில் அப்பாவுக்கு ஒரு சின்ன ஜவுளிக்கடை இருந்தது. துணி எடுக்க வருகிறவர்கள் பாயில்தான் உட்கார வேண்டும். மூலையில் மெத்தை வைத்த பிரம்பு நாற்காலி ஒன்று உண்டு, அது வெள்ளைக்காரர்களுக்கு. மெட்ராஸ் செக் துணி தேடி எப்போதாவது அமெரிக்கர்கள் வருவார்கள். வந்தால் நாற்காலி நடுக்கடைக்கு வரும், மேசை விசிறி அந்தப் பக்கம் திரும்பும், சோடா உடைபடும். துணி வாங்காமல் வழி மட்டும் கேட்டுவிட்டுப் போனாலும் உபசாரத்தில் குறை இருக்காது. நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள், விருந்தோம்பலை எங்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கல்லூரித் தோழிகளிடம் நான் பீற்றிக்கொண்டது உண்டு.

எனக்குக் கல்யாணம் நடந்தது எழுபதுகளின் தொடக்கத்தில், வடபழனியில் ஒரு மண்டபத்தில். மாப்பிள்ளைக்கு அடையாறு. அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டு வைத்திருந்த ஒரு தொழிற்சாலையில் வேலை. சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்கு அவருடைய மேலதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். அந்த மேலதிகாரி கல்யாணத்துக்கு வருகிறார், கவனிப்பில் ஒரு குறையும் வரக் கூடாது என்று சம்பந்தி வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பா அதைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்தார்.

முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் ஓர் அமெரிக்கர் மண்டபத்துக்குள் நுழைந்தார். கசங்கிய ஜிப்பா, தாடி, தோளில் துணிப்பை, காலில் ரப்பர் செருப்பு. நம்மவர் ஒருவர் அந்தக் கோலத்தில் வந்திருந்தால் சமையல்கட்டுப் பக்கம் வழிகாட்டியிருப்பார்கள். அப்பாவோ ஓடிப்போய் எந்த ஊர் என்று விசாரித்தார். அமெரிக்கா என்ற ஒரே சொல் போதுமாக இருந்தது. சந்தனம், பன்னீர், மாலை, முதல் வரிசையில் சோபா. மனிதர் திகைத்துப்போய் எல்லாருக்கும் இரண்டு கையாலும் கும்பிடு போட்டார்.

மணமேடையிலிருந்து பார்த்த எனக்கும் தலைகால் புரியவில்லை. என் புருஷனின் துரையே வந்து என் கல்யாணத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று உச்சி குளிர்ந்துபோனேன். இதை மறைத்துவிட்டு மற்றவர்களை மட்டும் கிண்டல் செய்தால் அது நியாயமாகாது.

தாலி கட்டி முடிந்ததும் அப்பாவே அவரைக் கைப்பிடித்துச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போனார். முதல் பந்தி, முதல் இலை. மணமேடையிலேயே இருந்த நான் குனிந்த தலை நிமிராமல் பக்கத்தில் இருந்தவரிடம் பேசினேன். கணவரிடம் தனியாகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"உங்க துரைக்குக் காரம் ஒத்துக்குமா? பாயசத்த முதல்ல வைக்கச் சொல்லட்டுமா?"

"எந்த துரை?"

"இப்ப சாப்பிடப் போறாரே."

"அவரு உங்கப்பா கடைக்குத் துணி வாங்க வர்றவர்னுதானே எங்க வீட்ல எல்லாரும் சொல்றாங்க?"

நான் தலையை நிமிர்த்திவிட்டேன். "அப்ப உங்க மேலதிகாரி எங்க?"

அவர் கண்ணால் காட்டினார். கடைசித் தூணோரம் கறுத்த, ஒல்லியான ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பொட்டலம், காற்சட்டை நுனியில் கழற்ற மறந்த சைக்கிள் கிளிப். அவரை வாசலில் காவல்காரர் நிறுத்தி, "இன்னா சார், யார் வூட்டு ஆளு நீ? பொண்ணு வூடா, மாப்ள வூடா?" என்று குடைந்த கதை பின்னால்தான் தெரிந்தது. அமெரிக்கரை அந்தக் கேள்வி யாரும் கேட்கவில்லை.

"அவர வரவேற்கத்தான் தம்பிய வாசல்ல நிக்க வச்சேன். அவன் அந்த அமெரிக்கர்கிட்ட இங்கிலீஷ் பேசப் போயிட்டான்" என்றார் என் கணவர். மேலதிகாரி பொட்டலத்தை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார். கிளம்பப் போகிறார் என்று தெரிந்தது. சாப்பிடாமல் போனால் எந்த முகத்தோடு மறுபடி அவர் முன்னால் போய் வேலைக்கு நிற்பது?

நான் எழுந்துவிட்டேன். என் முந்தானையும் அவருடைய துண்டும் முடிச்சுப் போட்டிருந்ததால் அவரும் எழுந்துதான் ஆக வேண்டியிருந்தது.

"மணைய விட்டு எழுந்திருக்கக் கூடாதும்மா!" என்று மாமியார் பதறினார்.

"வந்தவங்க சாப்பிடாம போகலாமா, அத்தை?" என்று கேட்டுக்கொண்டே நடந்தேன்.

மாலையும் கழுத்துமாக இரண்டு பேரும் கூட்டத்தின் நடுவே போனபோது நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். மேலதிகாரி மிரண்டுபோனார். "வாங்க சார்" என்று கூட்டிக்கொண்டு நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், அமெரிக்கருக்குப் பக்கத்து இலையில் உட்கார வைத்தேன்.

"ஏட்டி, யாரு இது?" என்றார் அப்பா.

"இவருதான்பா நாம எதிர்பார்த்தவரு."

அதற்குள் அமெரிக்கர் பக்கத்து இலைக்காரரிடம் மாப்பிள்ளைக்கு என்ன உறவு என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். மேலதிகாரி சொல்லிவிட்டு, நீங்கள் எப்படி என்று கேட்டார். அமெரிக்கர் வெட்கப்பட்டுச் சிரித்தார். கோயிலைப் பார்க்க பஸ்ஸில் வந்தாராம். மேளச் சத்தம் கேட்டதாம், வாசலில் எட்டிப் பார்த்தாராம், உள்ளே இழுத்துவிட்டார்களாம்.

மேலதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். அப்பாவுக்கு அந்த ஆங்கிலம் மட்டும் நன்றாகவே புரிந்தது. முகம் செத்துப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சிருங்க. தெரியாம நடந்து போச்சு."

"விடுங்க சார்" என்றார் மேலதிகாரி, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. "ஆபீஸ்ல அவங்க வந்தா நானே என் நாற்காலிய விட்டுட்டு எழுந்து நிக்கிறவன்தான்."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. சாம்பார் வாளியோடு நின்ற ஆளிடம் அவருக்கு இன்னும் ஊற்றச் சொன்னேன். அமெரிக்கர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டார், எங்களை வாய் நிறைய வாழ்த்தினார், மாலையைக் கழற்றாமலே பஸ் ஏறினார்.

வேலை அடுத்த மாதமே நிரந்தரமாகிவிட்டது. தலைத்தீபாவளிக்கு நாங்கள் அப்பா வீட்டுக்கு வந்திருந்தபோது, ஒரு நாள் நான் கடையில் இருந்த நேரம் பார்த்து மேலதிகாரி வேட்டி எடுக்க வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் பாயில் உட்காரப் போனார். அப்பா அவசரமாக எழுந்து, மூலையிலிருந்த பிரம்பு நாற்காலியைத் தானே தூக்கிவந்து நடுக்கடையில் போட்டார்.

அவர் நாற்காலியைப் பார்த்தார், பிறகு திரும்பித் தெருவைப் பார்த்தார்.

"யாராவது வர்றாங்களா சார்?"

"நீங்கதான வந்திருக்கீங்க" என்றார் அப்பா. அவர் உட்காரும்வரை காத்திருந்து, விசிறியை அவர் பக்கம் திருப்பினார்.