தேய்ந்துபோன ஐம்பத்தேழு

சோற்றில் கை வைத்தால் பித்தளை வாடைதான் முதலில் மூக்கில் ஏறும். புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்த கை, எத்தனை முறை கழுவினாலும் அந்த வாடை போகாது. சிராங்கூன் சாலைக்கு உள்ளே, வெள்ளைக்காரத் துரைமார் ஞாயிற்றுக்கிழமைகளில் சிப்பாய் வேஷம் கட்டும் ஒரு படையின் துப்பாக்கிக் கிடங்கில் அப்பா காவலாள். பின்கட்டில் ஒற்றை அறையில் நாங்கள் மூவர்.

சனிக்கிழமை அப்பா முற்றத்தில் சாக்கு விரித்துத் துப்பாக்கிகளைக் கிடத்துவார். கட்டையின் அடித்தகடு பித்தளை, எண் வெட்டிய "வில்லை" பித்தளை, முனையில் மாட்டும் கத்தியின் பிடியில் அறைந்த ஆணிகளும் பித்தளை. ஆறு நாளில் எல்லாம் கறுத்துப்போகும், மூவரும் உட்கார்ந்து தேய்ப்போம்.

"இப்படிக் கறுக்கிறதை எதுக்குத்தான் துப்பாக்கியில வெக்கிறானுங்களோ!" என்று அம்மா பொரிவாள்.

"இரும்புன்னா கடல் காத்து உள்ளே வரைக்கும் அரிச்சுப்புடும். இது மேலாகக் கறுக்கும், அவ்வளவுதான். மிருதுவான உலோகம், எண் வெட்டவும் சுலபம்" என்பார் அப்பா.

கறுத்தால் ஒன்றும் கெடாது என்றால் விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? படைக்குத் தலைவரான துரைக்கு அதில் முகம் தெரிய வேண்டுமாம்! அவர் முகத்தை அவரே பார்த்துக்கொள்ள எங்கள் நகக்கண் வெந்தது. எனக்குப் பத்து வயது. ஐம்பத்தேழாம் எண் துப்பாக்கி என் பங்கு. மற்றவற்றைவிட அது மின்ன வேண்டும் என்ற வீம்பில் வாராவாரம் விடாமல் தேய்த்தேன்.

ஒரு ஞாயிறு, துரை அந்த வில்லையைத் தடவிப் பார்த்தார். பளபளப்பு இருந்தது, எண் இல்லை.

"நம்பரை ராவி அழிச்சது யாருன்னு துரை கேக்கிறாரு. திருட்டுத் துப்பாக்கியான்னு கேக்கிறாரு" என்றார் கிடங்கின் கணக்கெழுதும் கிராணி, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல்.

"ராவலைங்க. தேய்க்கச் சொன்னீங்க, தேஞ்சு போச்சு."

"தேய்ச்சது யாரு?"

"நான்தாங்க" என்றார் அப்பா. நான் கதவோரம் செங்கல் பொடிக் கையோடு நின்றிருந்தேன். கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அவரைக் காவலில் கொண்டுபோய் வைத்தார்கள். எட்டு நாள் கழித்து யாருக்கோ புத்தி வந்து, கட்டையைக் கழற்றி, இரும்புக் குழலில் இருந்த இன்னொரு எண்ணைப் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள், சரியாக இருந்தது. தாடியோடு வீடு வந்தவரிடம் துரை ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. எட்டு நாளில் பித்தளை கறுத்துக் கிடக்கிறது, ஞாயிறுக்குள் மின்ன வேண்டும் என்று சொல்லியனுப்பினார். வேறு போக்கிடம் இல்லாததால் அப்பா சாக்கை விரித்தார்.

இப்போது அந்த இடத்தில் கடைவீடுகள் வரிசையாக எழுந்துவிட்டன. துரை கப்பலேறிப் போய்விட்டார், அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். தேய்த்தது நான்தான் என்று போய்ச் சொல்ல யாரும் மிச்சமில்லை. ஆனால் தேய்க்கச் சொன்னது யார் என்று கேட்பதை மட்டும் நான் விடுவதாக இல்லை.