சுழி பார்த்த ஞாயிற்றுக்கிழமை

கோயமுத்தூரில் கணபதி பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் நான் தொடங்கிய இரும்பு வார்க்கிற பவுண்டரி இன்று இரண்டு ஷிப்ட் ஓடுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து காங்கேயம் வரை எந்தத் தோட்டத்துக் கிணற்றை எட்டிப் பார்த்தாலும், அங்கே ஓடுகிற பம்பில் நான் வார்த்த இரும்பு ஏதாவது இருக்கும். தண்ணீரே கிடையாது என்று மூன்று பேர் பார்த்துச் சொல்லிவிட்டுப் போன இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். இரண்டு பெண்களையும் இஞ்சினியருக்குப் படிக்க வைத்தேன். பவுண்டரிக்கு மேலே ஒரு ஹால் கட்டி, ஒரு பெரிய டிவியும் மாட்டி, அதை எங்கள் போட்டோக்காரர்கள் சங்கத்துக்கு விட்டிருக்கிறேன். இத்தனையும் ஆறாம் வகுப்போடு நின்றவன் செய்தது. வெள்ளகோவில் பக்கம் மழையை நம்பிய எங்கள் காட்டில் இருந்த ஒரே சோடி மாட்டை அப்பன் விற்ற வருசம், என்னைக் கோயமுத்தூருக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். வந்து மணல் சலித்தேன். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை.

காமிரா பிடித்ததும் நானாகத்தான். ஒரு பெரிய கம்பெனிக்காரன் என் வார்ப்பில் ஓட்டை இருக்கிறது என்று லாரியோடு திருப்பி அனுப்பினான். இல்லை என்று நிரூபிக்க ஒரு காமிரா வாங்கினேன். நேராக வெளிச்சம் அடித்தால் இரும்பு எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரியும். பக்கவாட்டில் அடித்தால்தான் குழி குழியாக எழுந்து நிற்கும். அப்படி எடுத்துப் பார்த்தபோது ஓட்டை இருக்கத்தான் செய்தது. என் வாதம் தோற்றது, காமிரா கையில் நின்றது. வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும் என்பதை நான் எந்த வகுப்பிலும் உட்கார்ந்து படிக்கவில்லை.

எங்கள் சங்கத்தில் யாரும் தொழில்முறைப் போட்டோக்காரர் இல்லை. பாத்திரக்கடை, மருந்துக்கடை, ரிட்டயர் ஆனவர்கள் என்று பதினைந்து இருபது பேர். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு காலையில் கூடுவோம். ஒருவர் தன் படத்தைக் காட்டுவார், மற்றவர்கள் கருத்துச் சொல்வார்கள். நான் சேர்ந்த புதிதில் நடந்ததைக் கருத்து என்றே சொல்ல முடியாது. நம் ஊர் மரியாதை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். படம் மங்கலாக, சாய்ந்து, தலை வெட்டுப்பட்டு இருக்கும். "நெம்ப நல்லா இருக்குதுங்க" என்பார் ஒருவர். "அருமைங்க" என்பார் அடுத்தவர். எல்லோரும் காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். அதே மங்கல் அடுத்த மாதமும் வரும்.

பவுண்டரியில் வார்ப்பை மேசைமேல் வைத்தால் மூன்று வழிதான். ஓகே, ரீவொர்க், ரிஜெக்ட். சும்மா நல்லா இருக்குது என்று சொல்கிற இன்ஸ்பெக்டரை நான் வைத்துக்கொள்ள மாட்டேன். அதனால் சங்கத்தில் நான் ஒரு ரூல் போட்டேன். யாரும் "நல்லா இருக்குது" என்று சொல்லக் கூடாது. கண் முதலில் எங்கே போனது, எது உறுத்துகிறது, என்ன செய்தால் சரியாகும், இதை மட்டும் சொல்ல வேண்டும். எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை படம் எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் தன் படத்துக்கு வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிடுவார். இந்த ரூலுக்குப் பிறகு சங்கத்தில் படங்கள் தேறின. அதை யாரும் மறுக்க முடியாது.

உக்கடம் பக்கம் ஆணி, கீல், தாழ்ப்பாள் விற்கிற ஒரு பாய் எங்கள் உறுப்பினர். என்னைவிட நாலைந்து வயது குறைந்தவர். அதிகம் பேச மாட்டார். வருசத்துக்கு ஒருமுறை சங்கம் வைக்கிற கண்காட்சிக்கு இரண்டு வருசமாகப் படம் கொடுத்தார். இரண்டு வருசமும் தேர்வாகவில்லை. மூன்றாவது வருசம் படியேறும்போது என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அண்ணா, இந்தத் தடவையும் செவுத்துல ஏறலைன்னா காமிராவை மருமகனுக்குக் குடுத்துப் போடறேனுங்க. அவரு கல்யாண வீட்டுக்காச்சும் எடுக்கட்டும்."

சிரித்தாலும் அது விளையாட்டில்லை என்று எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கு அவர் கண்காட்சிக்கென்று காட்டியது ஒரு மாட்டுச் சந்தைப் படம். காங்கேயம் பக்கத்துச் சந்தைக்கு விடிகாலைப் பஸ்ஸில் போய் எடுத்து வந்திருந்தார். டிவியில் போட்டதும் ஹால் முழுக்க ஒரு சாம்பல் நிற மயிலைக் காளை நிறைந்தது. என்ன திமில், என்ன கொம்பு! எங்களில் பாதிப் பேர் மாட்டுக் கொட்டகையில் பிறந்து வளர்ந்தவர்கள். சும்மா இருப்போமா?

"கொம்பு சித்தெ விரிஞ்சிருக்குதுங்க" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"கழுத்துக்குக் கீழ அலைதாடி பத்தாது" என்றார் இன்னொருவர்.

"பல்லைக் காட்டற மாதிரி எடுத்திருந்தா வயசு தெரிஞ்சிருக்கும்" என்றேன் நான். ஆமாம், சொன்னது நான்தான்.

எங்கள் செயலாளர், பேங்கில் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர், எழுந்து டிவிக்குப் பக்கத்திலேயே போய்விட்டார். "திமிலுக்குப் பின்னால முடி சுழிச்சிருக்குது, ஆகாத சுழிங்க. எங்க ஐயன் இருந்திருந்தா இந்த மாட்டை வாசல்லகூட நிறுத்தியிருக்க மாட்டாரு."

"அது சுழியில்லைங்க, வெயிலு பட்டு மினுங்குது" என்றேன்.

"சுழிதானுங்க!"

பாய் ஒருமுறை வாயைத் திறந்தார். "அண்ணா, அந்த ஓரத்துல..."

நான் விரலைத் தூக்கினேன். "ரூலு, பாய்." அவர் மூடிக்கொண்டார்.

அரை மணி நேரம் சுழிச் சண்டை ஓடியது. கடைசியில் அவர் பேசுகிற முறை வந்தபோது, "நல்லதுங்க" என்று ஒரே வார்த்தை. கையோடு கொண்டு வந்திருந்த பிரிண்டைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். காப்பிகூடக் குடிக்கவில்லை. அன்று மத்தியானம் சங்கத்து வாட்ஸப் குரூப்பிலிருந்து விலகினார் என்று ஒரு வரி வந்தது.

அதை நான் பார்த்தேன். ஆனாலும் மனம் மாட்டை விட்டு நகரவில்லை. குரூப்பில் செயலாளர் சுழிதான் என்று எழுதிக்கொண்டே இருந்தார். மறுநாள் காலையில் அவர் வாயை அடைக்கிற வெறியில் பாய் முன்பே குரூப்பில் போட்டிருந்த படத்தைப் போனில் திறந்து, திமிலுக்குப் பின்னால் விரலால் பெரிதாக்கினேன். சுழி இல்லை, வெயில்தான். நான் சொன்னதுதான் சரி. இன்னொரு தடவை பார்க்கலாம் என்று தள்ளியபோது விரல் வழுக்கிப் படம் இடது பக்க ஓரத்துக்கு ஓடிவிட்டது.

அங்கே மாட்டை விற்கிறவர் நின்றிருந்தார். தலைப்பாகை கட்டிய வயசாளி. எதிரே தரகர். இருவருடைய வலது கைகளும் ஒரு துண்டுக்குள் மறைந்திருந்தன. சந்தையில் விலை வாயால் பேச மாட்டார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். விற்கிறவருடைய இடது கையில் மாட்டின் கயிறு. அதை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றி, நரம்பு புடைக்க இறுக்கிப் பிடித்திருந்தார். வலது கை விற்றுக்கொண்டிருந்தது. இடது கை விட மாட்டேன் என்றது.

என் வீட்டம்மா காப்பியோடு வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "யாருங்க அது, கயித்தை அந்தப் புடி புடிச்சிருக்கறாரு?"

"மாடு விக்கறாரு."

"விக்கற கையா அது?" என்றாள். "நேத்துப் பூராச் சுழி சுழின்னு கத்திட்டு இருந்தீங்களே, இந்தப் படத்துக்குத்தானா?"

எங்கள் மாட்டை விற்ற அன்று நானும் சந்தைக்குப் போயிருந்தேன். அப்பனும் இப்படித்தான் துண்டுக்குள் கை விட்டிருக்க வேண்டும். எனக்கு ஞாபகம் இல்லை. அன்றும் நான் மாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை உக்கடத்துக்குப் போனேன். கண்காட்சிக்குப் படம் கொடுக்கச் சனிக்கிழமைதான் கடைசி. பாய் தராசில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணா. சுழி பாக்க வந்தீங்களா? நம்ம கடையில கீலுந் தாழ்ப்பாளுந்தான் இருக்குது."

"படத்தைப் பாக்க வந்தேன் பாய்."

"அதான் ஞாயித்துக்கெழமை பாத்தீங்களே."

"அன்னைக்கு மாட்டைத்தான் பாத்தேனுங்க."

அவர் ஆணியைப் பொட்டலம் கட்டி வாடிக்கையாளரிடம் கொடுத்து அனுப்பினார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். நான் அந்த இடது கையைச் சொன்னேன். ஒரு கை விக்குது, ஒரு கை உடமாட்டீங்குது என்றேன். மனிதர் முகம் மாறியது. ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"அதுக்குத்தானுங்கண்ணா ரெண்டு மணி நேரம் நின்னேன். அவரு கயித்தைச் சுத்தறப்பப் பாத்து மாடு குறுக்க வந்துருச்சு. மாடு பெருசாப் போச்சு, ஆளு ஓரமாப் போயிட்டாருன்னு எனக்கே தெரியுது. என்ன பண்ணலாம்னு கேக்கத்தான் கொண்டாந்தேன். நீங்க பல்லைக் காட்டச் சொன்னீங்க."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமல்லொ?"

"யாரு போட்ட ரூலுங்க?"

"பிரிண்டை எடுங்க பாய்" என்றேன்.

பிரிண்டைக் கல்லாவுக்குக் கீழேயிருந்து எடுத்தார். செய்தித்தாள் சுற்றியது சுற்றியபடியே இருந்தது. எதை வைத்து மறைத்துப் பார்ப்பது என்று நான் தேடினேன். கடையில் தச்சர்கள் வாங்குகிற 'ட' வடிவ மூலைமட்டம் தொங்கியது. இரண்டை எடுத்து எதிரெதிராகப் படத்தின் மேல் வைத்தேன். நடுவில் ஒரு சட்டம் கிடைத்தது. வலது பக்க மட்டத்தை உள்ளே உள்ளே தள்ளினேன். திமில் போயிற்று, கொம்பு போயிற்று, மாடே போயிற்று. ஆளும் துண்டும் கயிறும் நின்றன.

"இங்க வெட்டுங்க" என்றேன்.

"முடியாதுங்கண்ணா."

"ஏன்?"

"மாடு இல்லாட்டி அவரு எதை உடமாட்டீங்கறாருன்னு எப்படித் தெரியும்? கயித்தைப் புடிச்சுட்டு சும்மா நிக்கற ஆளாப் போயிருவாரு."

கோபம் வந்தது. நாற்பது வருசமாக இன்ஸ்பெக்ஷன் செய்கிறவனிடம் ஆணி விற்கிறவர் முடியாது என்கிறாரே என்று. ஆனால் மறுபடி பார்த்தபோது அவர் சொன்னது சரி. அவரே மட்டத்தை விரல் விரலாக வெளியே நகர்த்தினார். மாட்டின் மூக்கணாங்கயிறு வந்தது, பிறகு மூக்கு, பிறகு ஒரு கண். அங்கே நிறுத்தினார். அந்தக் கண் மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தது. முழு மாடு இருந்தபோது அந்தக் கண்ணை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை.

"இப்ப?" என்றார்.

வாய்வரை வந்துவிட்டது. நல்லா இருக்குது என்று சொல்லக் கூடாது என்பது நான் போட்ட ரூல். "ஓகே, பாய்" என்றேன். பவுண்டரியில் என் வாயிலிருந்து அந்த வார்த்தை வாங்க ஆட்கள் தவம் கிடப்பார்கள்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யோசித்தேன். வார்ப்பில் குறை சொன்னால் இரும்பு கோபித்துக்கொள்ளாது. உடைத்து மறுபடி உலையில் போடலாம். படத்தை வைத்துவிட்டு வாய் மூடி உட்கார்ந்திருக்கிற மனிதரை அப்படிச் செய்ய முடியாது. அவர் எதை எடுக்கப் போனார் என்று கேட்காமலேயே, எனக்குத் தெரிந்ததை வைத்துக் குறை சொன்னேன். தெரிந்தது அதிகம் என்பதால்தான் தப்பு நடந்தது. மாட்டைப் பற்றி எதுவும் தெரியாத ஊர்க்காரன் ஒருவன் அன்று ஹாலில் இருந்திருந்தால், முதலில் அந்த மனிதரைப் பார்த்திருப்பான். அடுத்த கூட்டத்தில் ரூலில் ஒன்று சேர்த்தேன். கருத்து தொடங்கும் முன் படம் எடுத்தவர் ஒரே ஒரு வாக்கியம் சொல்லலாம்: எதற்காக நின்றேன் என்று. செயலாளர் முணுமுணுத்தார், பிறகு ஒத்துக்கொண்டார்.

படம் தேர்வானது. தண்ணீர்க் கேன் வைக்கிற மூலையில்தான் இடம் கிடைத்தது. ஆனாலும் சுவர் சுவர்தான். பாய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இரண்டு நாளும் கேனுக்குப் பக்கத்திலேயே நின்றார். தண்ணீர் குடிக்க வந்தவர்கள் எல்லாம் டம்ளரோடு படத்தைப் பார்த்தார்கள். பொள்ளாச்சிக்காரர் ஒருவர் மட்டும் உதட்டைப் பிதுக்கினார். "மாடு கால்வாசிகூடத் தெரியலையேங்க. முழுசா எடுத்திருக்கலாமல்லொ?" பாய் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். சிரித்ததில் அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. காமிரா மருமகனிடம் போகவில்லை.

இனி நான் கேட்பதற்கு வருகிறேன். கண்காட்சிக் கையேட்டில் அந்தப் படத்துக்குக் கீழே செயலாளர் எழுதியிருப்பது: "சங்க உறுப்பினர்களின் ஆலோசனையால் மெருகேறிய படம்." எந்த உறுப்பினர்கள்? கொம்பு விரிந்திருக்கிறது என்றவரா? சுழி இருக்கிறது என்று எழுதிக்கொண்டே இருந்தவரா? போனில் கேட்டதற்கு, "ஒருத்தர் பேரைப் போட்டா எல்லாருங் கேப்பாங்கண்ணா" என்கிறார். கேட்கட்டும். உக்கடத்துக்குப் போனவர்கள் கேட்கட்டும்.

பாய் எடுத்த படம் பாயுடையது. மாட்டின் கண்ணை விட்டு வைத்ததும் பாய்தான். அதில் எனக்குப் பங்கு வேண்டாம். ஆனால் மூலைமட்டத்தை எடுத்து வலது பக்கம் வெட்டச் சொன்னது நான். அதற்கு முன்னால், அதே படத்தை வைத்துக்கொண்டு பல்லைக் காட்டச் சொன்னதும், விரலைத் தூக்கி அவர் வாயை அடைத்ததும் நான். அடுத்த கையேடு அச்சுக்குப் போகும்போது நான் செய்த உதவி, செய்த தப்பு இரண்டையும் எழுதி, கீழே என் பெயரைப் போட வேண்டும். ஒன்றை மட்டும் போடுவதாக இருந்தால் சங்கத்திடமிருந்து ஹால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்வேன் என்று செயலாளருக்குச் சொல்லியிருக்கிறேன்.